அம்பாசிடர் பம்பரும் அமெரிக்கச் சட்டமும்

ஒரு பழைய கார் எந்த வருடத்து வண்டி என்று தெரிந்துகொள்ள ஆர்.சி. புத்தகம் வேண்டாம், பம்பரைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும் என்று பழைய கார் பைத்தியங்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காரில் முதலில் அடிவாங்குவது பம்பர். சுலபமாகக் கழற்றி மாட்டக்கூடியதும் பம்பர். ஆகவே ஐம்பது வருடம் ஓடிய வண்டியில் இருப்பது கூடவே பிறந்த பம்பரா, நடுவில் யாரோ மாட்டிவிட்ட வேறு வருடத்துப் பம்பரா என்பது தனி ஆராய்ச்சி.

கல்கத்தாவில் நான் குப்பை கொட்ட ஆரம்பித்து இருபது வருடத்துக்குப் பக்கம் ஆகிறது. வந்த புதிதில் தெருவெல்லாம் மஞ்சள் அம்பாசிடர் டாக்ஸி. இப்போது நின்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வணிக வண்டிகளுக்கான 15 வருட விதியில் கடைசி வண்டிகளும் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கின்றன. அதனால் சொந்தக்காரர்கள் வீட்டில் வைத்திருக்கும் அம்பாசிடர்களுக்குத் திடீரென்று மதிப்பு வந்திருக்கிறது. கூடவே ஒரு கேள்வியும் வந்திருக்கிறது. பழைய வண்டிக்கு வேறு வருடத்துப் பம்பரை மாட்டலாமா, கூடாதா?

சின்ன கேள்விதான். ஆனால் பதில் சொல்லப் போனால் ஆக்ஸ்ஃபோர்டில் ஆரம்பித்து வாஷிங்டன் போய் உத்தர்பாரா திரும்பி வரவேண்டியிருக்கிறது. பொறுமையாக வாருங்கள்.

முதலில் பம்பர் எதற்கு?

ஆரம்பகாலக் கார்களில் பம்பரே கிடையாது. 1905ல் ஃபிரெடரிக் சிம்ஸ் என்ற ஆங்கிலேயர் தன் காரில் ரப்பர் பம்பர் பொருத்திப் பார்த்தார். அது பெரிதாகப் பரவவில்லை. பிறகு எஃகுப் பட்டை வந்தது. அதுவும் தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ளும் சாமானாகவே பல வருடம் இருந்தது. 1920களின் இறுதியில் குரோம் பூச்சு கார்களுக்கு வந்ததும் பம்பர் நகையாகிவிட்டது. மூக்குத்தி மாதிரி. அதன் பளபளப்பையும் வளைவையும் வைத்துத்தான் புது மாடல், பழைய மாடல் என்று பிரித்துக் காட்டினார்கள். இடித்தால் காரைக் காப்பாற்றுமா என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

இது ஏறக்குறைய 1970 வரை.

ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர்

நம் அம்பாசிடரின் பூர்வீகம் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 3. இங்கிலாந்தில் 1956ல் வந்த கார். ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய கௌலி தொழிற்சாலையில் செய்தார்கள். அதை வாங்கி வந்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் செய்ய ஆரம்பித்தது. ஹவ்ராவிலிருந்து பர்த்தமான் போகும் லோக்கல் ரயிலில் உத்தர்பாராவுக்கு அடுத்த ஸ்டேஷன் பெயரே 'ஹிந்த் மோட்டார்'தான். கம்பெனி பெயரில் ஒரு ரயில் நிலையம்!

அதே ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்ற சின்ன ஊர். அங்கேதான் எம்.ஜி. கார்கள் பிறந்தன. எம்.ஜி. என்றால் 'மாரிஸ் கராஜஸ்'. (நம் ஊரில் எம்.ஜி. என்றால் நினைவுக்கு வருபவர் வேறு என்பது தெரியும்!) 1962ல் அவர்கள் எம்.ஜி.பி. என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். 1980ல் நிறுத்தும்வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

அம்பாசிடருக்கும் எம்.ஜி.பி.க்கும் என்ன சம்பந்தம்? எஞ்சின். இரண்டிலும் இருந்தது பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி சீரிஸ்' குடும்பத்து எஞ்சின். அம்பாசிடரில் 1489 சிசி, எம்.ஜி.பி.யில் 1798 சிசி. நம் அப்பாக்கள் கல்யாணத்துக்குக் குடும்பத்தையே திணித்துக்கொண்டு போன வண்டியும், கலிஃபோர்னியாவில் கூரையைத் திறந்துவிட்டுக் காதலியோடு போன வண்டியும் பங்காளிகள். இரண்டுக்கும் முன்னும் பின்னும் குரோம் பூசிய எஃகுப் பம்பர். அதன்மேல் 'ஓவர்ரைடர்' எனப்படும் இரண்டு கொம்புகள்.

1974ல்தான் பங்காளிகள் பாதை பிரிந்தது.

சட்டம் வந்தது

அமெரிக்காவில் வாகன நிறுத்தத்தில் மெதுவாக இடித்துக்கொண்டாலே விளக்கு உடைந்து, கிரில் நசுங்கி, பழுதுபார்க்கும் செலவு ஏறிக்கொண்டிருந்தது. அரசு 'ஸ்டாண்டர்ட் 215' என்ற விதியைக் கொண்டுவந்தது. 1973 மாடல் கார்கள் முன்பக்கம் மணிக்கு 5 மைல், அதாவது 8 கிமீ வேகத்தில் இடித்தாலும் விளக்கு, பெட்ரோல் அமைப்பு போன்ற பாதுகாப்பு உறுப்புகள் பழுதாகக் கூடாது. பின்பக்கத்துக்கு 2.5 மைல். அடுத்த வருடமே, 1974 மாடல்களில் பின்பக்கத்துக்கும் 5 மைல் ஆனது. கூடவே பம்பர் தரையிலிருந்து 16 முதல் 20 அங்குல உயரத்தில் தாங்க வேண்டும் என்றும் வந்தது. அப்போதுதான் ஒரு காரின் பம்பர் இன்னொன்றின் பம்பரோடு மோதும், அடியிலோ மேலேயோ நழுவாது.

எம்.ஜி.பி. தாழ்வான கார். அதன் பெரிய சந்தையே அமெரிக்கா. முதலில் 1974 மாடலுக்கு ஓவர்ரைடர்களை மட்டும் பெரிய ரப்பர் முட்டுகளாக மாற்றி ஒப்பேற்றினார்கள். அந்த வருடமே செப்டம்பரில் குரோம் பம்பரையே எடுத்துவிட்டார்கள். உள்ளே எஃகு, வெளியே கறுப்புப் பாலியூரித்தேன் போர்த்திய பெரிய மூக்கு வந்தது. உயரம் போதவில்லை என்று காரையே ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் தூக்கினார்கள். ஓட்டுகிறவர்களுக்கு வயிற்றெரிச்சல். வளைவில் முன்போல ஒட்டிக்கொண்டு திரும்பவில்லை. 'ரப்பர் பம்பர் எம்.ஜி.பி.' என்பது ஒரு வசவாகவே ஆகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால் 1982ல் அமெரிக்க அரசே அந்த 5 மைலை 2.5 மைலாகக் குறைத்துவிட்டது. அதற்குள் எம்.ஜி.பி. நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஏன் சும்மா மாட்ட முடியாது?

ரப்பர் மூக்கு பிடிக்காதவர்கள் என்ன செய்வார்கள்? 1974க்கு முந்தைய குரோம் பம்பரை வாங்கி மாட்டுவார்கள். இங்கேதான் பம்பர் என்பது வெறும் பட்டை அல்ல என்று புரியும்.

ரப்பர் பம்பர் வண்டியில் முன் இண்டிகேட்டர் பம்பருக்குள்ளேயே இருக்கிறது. பழையதில் அது மட்கார்டின் முகத்தில் இருக்கும். ஆகவே பம்பரைக் கழற்றினால் இண்டிகேட்டருக்கு வீடு இல்லை. மட்கார்டில் புதிதாக இடம் வெட்ட வேண்டும். கிரில் வேறு. பம்பருக்குக் கீழே வரும் தகடு வேறு. பின் மட்கார்டின் அடிப்பகுதியும் வேறு, அங்கே பழைய தகட்டை வெட்டிப் புதியதை வெல்டிங் செய்ய வேண்டும். ரப்பர் பம்பரின் எடையைத் தாங்க நீட்டிய சட்டங்களை அறுக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் வண்டி கொக்கு மாதிரி உயரமாகவே நிற்கும். அதை இறக்க முன் கிராஸ்மெம்பர், ஸ்பிரிங் என்று அடியில் கை வைக்க வேண்டும்.

குரோம் காலத்துக்குள்ளேயும் வருட வித்தியாசம் உண்டு. அமெரிக்காவுக்குப் போன 1970 மாடல் எம்.ஜி.பி.க்கு மட்டும் பின் பம்பர் இரண்டு துண்டு, நடுவில் நம்பர் பிளேட். அது ஒரே வருடம். அடுத்த வருடம் மறுபடி ஒரே பட்டை.

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கதையும் இதேதான். 1967 ஆகஸ்டில் பம்பரைக் கனமாக்கி மேலே உயர்த்தினார்கள். பம்பர் உயர்ந்ததால் முன் மூடியும் பின் மூடியும் குட்டையாயின, மட்கார்டும் மாறியது. 1967 மாடல் பம்பரின் மெல்லிய அழகு பிடித்து 1968 மாடல் வண்டிக்கு மாட்ட நினைத்தால் பம்பரோடு கூட பாதி உடம்பையும் வாங்க வேண்டும்.

உத்தர்பாராவில் என்ன நடந்தது?

ஒன்றும் நடக்கவில்லை :-)

கொஞ்சம் அநியாயமாகச் சொல்கிறேன். அம்பாசிடர் மார்க் 1, 1960களின் தொடக்கத்தில் மார்க் 2, 1975ல் மார்க் 3, 1979ல் மார்க் 4 என்று வந்தன. கிரில் மாறியது, டாஷ்போர்ட் மாறியது, மார்க் 4ல் முன் விளக்குகள் அமைந்த விதம் மாறியது. ஆனால் உடம்பு அதே 1956 உடம்பு. லைசென்ஸ் ராஜ்ஜியம், இறக்குமதித் தடை, பணம் கட்டி வருடக்கணக்கில் காத்திருக்கும் வாடிக்கையாளர். மாற்றவேண்டிய அவசியமே கம்பெனிக்கு இல்லை. இடித்தால் பம்பர் எவ்வளவு தாங்க வேண்டும் என்று கேட்கும் சட்டமும் அப்போது இங்கே இல்லை. வண்டியின் நிறத்திலேயே பம்பர் வந்தது 2003ல், அம்பாசிடர் கிராண்ட் வந்தபோது. எம்.ஜி.பி. குரோமை விட்டு 29 வருடம் கழித்து! 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றது. 2017ல் அம்பாசிடர் என்ற பெயரை 80 கோடி ரூபாய்க்குப் பெஜோ நிறுவனம் வாங்கிக்கொண்டது.

இந்தத் தேக்கத்தை நாம் எல்லோரும் திட்டியிருக்கிறோம், நியாயமாகவே. ஆனால் அதே தேக்கம்தான் இன்று பழைய அம்பாசிடர்களுக்கு உயிர் கொடுக்கிறது. எம்.ஜி.பி.க்காரர் வெல்டிங் பட்டறைக்குப் போகும் இடத்தில் அம்பாசிடர்காரர் ஸ்பேனரோடு உட்கார்ந்து பார்க்கலாம். இருபது வருட இடைவெளி உள்ள பாகத்தையும் வைத்துப் பார்க்கவாவது முடிகிறது.

பெரியவர் வண்டி

லேக் மார்க்கெட் பக்கம் தமிழர்கள் நிறைய உண்டு. அங்கே எனக்குத் தெரிந்த தஞ்சாவூர்ப் பெரியவர் ஒருவர். வங்கி வேலைக்காக இங்கே வந்தவர், ஓய்வு பெற்றும் ஊர் திரும்பவில்லை. அவரிடம் 1969 மாடல் மார்க் 2 ஒன்று இருக்கிறது. சில வருடங்கள் முன்பு ஒரு மினிபஸ் பின்னால் வந்து முத்தம் கொடுத்துவிட்டுப் போனது. பின் பம்பர் நடுவில் மடங்கிவிட்டது.

அவர் மகன் பெங்களூரில். "கிராண்ட் பம்பர் மாட்டிடுங்கப்பா, பளிச்னு இருக்கும், துருவும் பிடிக்காது" என்று போனில் சொன்னார். பெரியவருக்கு மனமில்லை. "அறுபத்தொன்பதுல பொறந்த வண்டிக்கு ரெண்டாயிரத்து மூணு மூஞ்சியா?" என்று என்னைக் கேட்டார். நான் இயந்திரப் பொறியாளன் என்பதால் எல்லா ரிப்பேருக்கும் சாட்சியாகக் கூப்பிடுவார்.

மல்லிக் பஜார் போனோம். பழைய கார் சாமான்களுக்குப் பெயர்பெற்ற இடம், நம் சென்னைப் புதுப்பேட்டை மாதிரி. கூட வந்த மிஸ்திரி அனுபவசாலி. கடைக்காரர் "எல்லா அம்பாசிடருக்கும் ஒரே பம்பர்தான்" என்று சத்தியம் செய்தார். மிஸ்திரி ஒன்றும் பேசாமல் சணல் கயிற்றை எடுத்தார். பழைய பம்பரின் அடைப்புக்கட்டை போல்ட் துளைகளுக்கு இடையே உள்ள தூரத்துக்கு ஒரு முடிச்சு, பட்டையின் மொத்த வளைவு நீளத்துக்கு ஒரு முடிச்சு, ஓரம் மட்கார்டைச் சுற்றித் திரும்பும் அளவுக்கு ஒன்று. நாலைந்து பம்பரில் கயிற்றை வைத்துப் பார்த்ததில் ஒன்றுகூட எல்லா முடிச்சுக்கும் பொருந்தவில்லை. உடம்பு ஒன்றுதான். ஆனால் சந்தையில் இருப்பதெல்லாம் கம்பெனி பாகம் அல்லவே. வெளியே அச்சடித்தது உண்டு, அடிபட்டு நிமிர்த்தியது உண்டு.

கடைசியில் பின்வந்த வருடத்துப் பம்பர் ஒன்று ஒரு விரல்கடை வித்தியாசத்தில் கிடைத்தது. அதை மாட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும். மிஸ்திரி வண்டியில் ஒரு துளைகூடப் போடவில்லை. வண்டியின் சட்டத்தையும் தொடவில்லை. அடைப்புக்கட்டையைக் கழற்றி, அதன் துளையை மட்டும் அரம் கொண்டு நீளவாக்கில் இழுத்தார். எல்லா போல்ட்டையும் தளர்வாக மாட்டி, பம்பரைக் கையால் அசைத்து, இரண்டு பக்கமும் மட்கார்டுக்கும் பம்பருக்கும் இடையே ஒரே இடைவெளி வருகிறதா என்று விரல் விட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் வாஷர் கொடுத்து நிமிர்த்தி, அப்புறம்தான் முறுக்கினார்.

மடங்கிய பழைய பம்பரைக் கடைக்காரர் எடைக்குக் கேட்டார். பெரியவர் கொடுக்கவில்லை. அதைப் பிறகு நிமிர்த்தி மறுபடி பூச்சுக்குக் கொடுத்தார். குரோம் பூச்சு என்று நாம் சொல்வது உண்மையில் மூன்று பூச்சு. அடியில் செம்பு, நடுவில் நிக்கல், மேலே குரோமியம். துருவைத் தடுப்பதும் பளபளப்பில் பெரும்பங்கும் நிக்கல்தான். குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான மெல்லிய போர்வை. பழைய பம்பர்கள் பெரும்பாலும் பின்புறமிருந்துதான் அரிக்கும், அங்கே பூச்சு சரியாக ஏறியிருக்காது, சேறும் தங்கும். அதனால் பூச்சு வேலை முடிந்து வந்ததும் உள்பக்கத்துக்குப் பெயிண்ட் அடித்து, கிரீஸ் காகிதத்தில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறார்.

"ஏன் சார் மாட்டல?" என்றேன்.

"மினிபஸ் இன்னும் ஓடுதே தம்பி" என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இப்போது இது வெறும் ரசனை விஷயம் இல்லை. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், பம்பருக்கு முன்னால் மாட்டும் கம்பித் தடுப்புகள்மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கியது.

2021 ஜூலையில் பழைய வண்டிகளுக்கென்று தனி விதி வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, மூல வடிவத்திலேயே, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால் 'விண்டேஜ்' வண்டி. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு, அவ்வளவுதான்.

பெரியவர் அதற்கு விண்ணப்பிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காய்கறிக்குப் போக வண்டி வேண்டுமாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு ஓட்டுகிறார். நாளைக்கு மகனோ பேரனோ 'வி.ஏ.' வேண்டும் என்றால் வண்டியில் வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, பரணில் பம்பர் இருக்கிறது. நாலு போல்ட் வேலை.

என் பதில்

வேறு வருடத்துப் பம்பரை மாட்டலாமா என்றால், திருப்பிக் கழற்ற முடிந்தால் மாட்டலாம் என்பேன். போல்ட்டில் மாட்டியது வண்டி போட்டுக்கொண்ட சட்டை. வெட்டி ஒட்டியது அறுவை சிகிச்சை. முதலாவது ஓடுகிற வண்டியை ஓடவைக்கிறது. இரண்டாவது வண்டியின் பிறந்த வருடத்தையே அழிக்கிறது.

ரப்பர் மூக்கு அசிங்கம் என்று எத்தனையோ எம்.ஜி.பி.க்களை அறுத்துக் குரோம் ஆக்கினார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் 1974ல் ஒரு நாட்டின் சட்டம் கடல் கடந்து இன்னொரு நாட்டுத் தொழிற்சாலையின் கையைத் திருப்பியது என்பதற்கு அந்த அசிங்கமான கறுப்பு மூக்குதான் சாட்சி. அந்த முதல் ரப்பர் பம்பர் வண்டிகளுக்கும் இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. அறுக்காமல் விட்டவைதான் இன்று அந்தக் கதையைச் சொல்கின்றன. நம் அம்பாசிடரின் மாறாத பம்பரும் அப்படியே. அது அழகுக்காக மாறாமல் இருந்ததல்ல, போட்டி இல்லாததால் மாறாமல் இருந்தது. அதுவும் சரித்திரம்தானே.

நம்மில் பலருக்கு ஊரில் ஒரு கொட்டகை இருக்கிறது. அதில் அப்பாவின் அம்பாசிடரோ, பியட்டோ, நம் சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ தூசி படிந்து நிற்கலாம். அடுத்த லீவில் போகும்போது வண்டியை விட்டுவிட்டுச் சுவரோரம் பாருங்கள். எப்போதோ கழற்றிச் சாய்த்து வைத்த பழைய பம்பர் ஒன்று இருக்கக்கூடும். காயலாங்கடைக்காரர் முதலில் அதைத்தான் கேட்பார். கொடுத்துவிடாதீர்கள். துடைத்து, எண்ணெய் தடவி, எந்த வண்டியிலிருந்து எந்த வருடம் கழற்றியது என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டி வையுங்கள்.